ரெண்டும் ஒரே கலர்தான் மிஸ்

போன மே மாத லீவில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஐந்து பிள்ளைகள் உட்கார்ந்து, செம்பருத்திச் சாற்றில் எலுமிச்சையும் சுண்ணாம்புத் தண்ணீரும் விட்டுப் பார்த்துக் கொண்டிருந்தார்கள். நான்கு நோட்டில் "எலுமிச்சை - ரோஸ், சுண்ணாம்பு - பச்சை" என்று எழுதியிருந்தது. ஐந்தாவது நோட்டில் மட்டும் "இரண்டும் ஒரே கலர்" என்று இருந்தது.

"கண்ணைத் திறந்து பாருடா" என்றேன். அவன் இரண்டு பேப்பர் கப்பையும் தூக்கி மாற்றி மாற்றிப் பார்த்தான். "ரெண்டும் ஒரே கலர்தான் மிஸ். ஒண்ணு கொஞ்சம் மங்கலா இருக்கு" என்றான். பக்கத்தில் இருப்பவனைப் பார்த்தாவது எழுது என்று சொல்லிவிட்டேன். ரப்பரால் அழித்துவிட்டு மற்றவர்கள் எழுதியதையே எழுதினான். நானும் டிக் போட்டேன். அந்த டிக்கை இப்போது நினைத்தாலும் நெஞ்சு உறுத்துகிறது.

நான் பி.எஸ்சி. வேதியியல் படித்தவள். திருச்சியிலிருந்து மணப்பாறை போகும் வழியில் உள்ள ஒரு கிராமத்தில் பதினோரு வருடமாக மாலை நேர ட்யூஷன் எடுக்கிறேன். ஆறாவதிலிருந்து பத்தாவது வரை உள்ள பிள்ளைகள் வருவார்கள். லீவு விட்டால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இப்படி எதையாவது செய்து பார்ப்போம். அமிலம், காரம் பாடத்துக்கு அமிலத்துக்கு ஒரு நிறமும் காரத்துக்கு ஒரு நிறமும் காட்டும் லிட்மஸ் தாள் வாங்கக் கடைத்தெருவுக்கு அலைய வேண்டியதில்லை. வேலியிலேயே செம்பருத்தி பூத்துக் கிடக்கிறது.

செய்முறை எளிது. ஒற்றை அடுக்குச் சிவப்புச் செம்பருத்தி ஐந்தாறு பறித்து, காம்பையும் அடியில் உள்ள பச்சைப் பகுதியையும் கிள்ளிப் போட்டுவிட்டு, இதழ்களை மட்டும் கொதித்த தண்ணீரில் போட்டு மூடி வைக்க வேண்டும். பத்து நிமிடத்தில் இதழ் வெளுத்துவிடும், சாயம் முழுக்கத் தண்ணீரில் இறங்கிவிடும். பச்சைப் பகுதி உள்ளே போனால் சாறு கலங்கலாகி நிறம் சரியாகத் தெரியாது. எவர்சில்வர் டம்ளரில் ஊற்றாதீர்கள். உள்பக்கம் வெள்ளையாக இருக்கிற டீ கப் போல நிறத்தைக் காட்டுவது வேறு எதுவும் இல்லை.

இதில் நாங்கள் முதல் நாளே ஒரு பாடம் படித்தோம். அன்று சாறு இறக்கியது எங்கள் போர் தண்ணீரில். எலுமிச்சை விடுவதற்கு முன்பே அது சாம்பல் பூத்த நீலமாக இருந்தது. மறுநாள் அதே செடியின் பூவைக் கேன் தண்ணீரில் போட்டபோது நாவற்பழம் கழுவிய தண்ணீர் போல ஊதா வந்தது. எங்கள் ஊர் போர் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம். கொதிக்க வைத்தால் காரத்தன்மை இன்னும் கூடும். சோதிக்கப் போகும் பொருள் கைக்கு வருவதற்கு முன்பே சாறு ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. அன்றிலிருந்து எந்தச் சோதனையானாலும் ஒரு கப்பில் சாறு மட்டும் ஊற்றி, எதுவும் விடாமல் ஓரமாக வைப்போம். மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

சரி, பையன் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு நாள் கழித்து அவன் அம்மா கீரை கொடுக்க வந்தார். பேச்சுவாக்கில், "இவன் மிளகாய் பறிக்க லாயக்கில்லக்கா. பழுத்ததைப் பறிடான்னா பச்சையும் சேத்துப் பறிச்சுட்டு வர்றான். எங்கப்பாவும் அப்படித்தான், தொட்டுப் பாத்துத்தான் பறிப்பாரு" என்றார். கையில் வாங்கிய கீரைக்கட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். செடியில் தொங்கும் சிவப்பு மிளகாயும் பச்சை மிளகாயும் அவனுக்கு ஒன்றுபோலத் தெரிகின்றன என்றால், என் திண்ணையில் ரோஸும் பச்சையும் எப்படி வேறாகத் தெரிந்திருக்கும்? அவன் கண்ணைத் திறந்துதான் பார்த்திருக்கிறான். பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறான். அழிக்கச் சொன்னவள் நான்.

அடுத்த வாரமே கண் டாக்டரிடம் காட்டினார்கள். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டைகளைக் காட்டிக் கேட்டிருக்கிறார்கள். சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாத குறை, பிறவியிலேயே இருப்பது, பார்வைக்கு வேறு பாதிப்பு இல்லை என்றார்களாம். தாய்வழித் தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வருவது இதில் வழக்கம். அம்மாவுக்குக் கண் நன்றாகவே தெரியும், ஆனால் மகனுக்கு இறங்கலாம்.

அன்று இரவு நான் அவனுக்குச் சொல்ல ஒரு கதையை மனதில் தயார் செய்து கொண்டேன். அது உண்மைக் கதை. ஜான் டால்டன் பெயர் எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகளுக்குத் தெரியும், அணுக்கொள்கை சொன்னவர். அவருக்கும் இதே குறை இருந்தது. ஜெரேனியம் என்ற ரோஸ் நிறப் பூ பகலில் அவருக்கு வான நீலமாகத் தெரிந்தது; மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்த்தால் சிவப்பாகத் தெரிந்தது. மற்றவர்களைக் கேட்டால் அப்படியெல்லாம் மாறவில்லையே என்றார்கள். அவருடைய கூடப்பிறந்தவருக்கு மட்டும் அவருக்குத் தெரிந்தது போலவே தெரிந்தது. 1794-இல் மான்செஸ்டரில் அறிஞர்கள் கூடிய சபையில், என் கண்ணுக்கு இப்படித்தான் தெரிகிறது என்று அவரே எழுந்து சொன்னார். கண்ணுக்குள் இருக்கும் நீர்மம் நீலமாக இருப்பதுதான் காரணம் என்று நம்பினார். தான் இறந்த பிறகு கண்ணை எடுத்துப் பார்க்கச் சொல்லி வைத்தார். 1844-இல் அவர் இறந்ததும் பார்த்தார்கள். நீர்மம் தெளிவாகவே இருந்தது. பாதுகாத்து வைத்திருந்த அந்தக் கண்ணிலிருந்து மரபணுவை எடுத்து 1995-இல் ஆராய்ந்தபோதுதான், பச்சை ஒளியை உணரும் நிறமி அவருக்கு இல்லை என்று தெரிந்தது.

பையன் முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "அவரு லேப்ல எப்படி மிஸ் கலர் பாத்தாரு?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் மே மாதத்தின் மீதி நாட்கள் போயின. அமிலமா காரமா என்பதை அவன் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி மாறிக் காட்டும் நிறங்காட்டி எது?

முதலில் கை நீட்டியது என் மாமியார். அடுப்படியிலிருந்து கேட்டுக் கொண்டிருந்தவர், "ஆரத்தி கரைச்சுக் காட்டேன்" என்றார். எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. கல்யாண வீட்டில் மணமக்களுக்குச் சுற்றும் ஆரத்தித் தட்டில் இருப்பது மஞ்சள் தண்ணீரும் ஒரு சிட்டிகை வெற்றிலைச் சுண்ணாம்பும்தான். குங்குமம் கரைத்த தண்ணீர் என்று நினைத்துக் கொண்டிருக்கிறார்கள் பிள்ளைகள். அத்தை ஒரு பீங்கான் தட்டில் மஞ்சளைக் கரைத்து, சுண்ணாம்பைச் சுண்டுவிரல் நுனியில் எடுத்து நடுவில் வைத்துச் சுற்றினார். விரல் போன தடம் முழுக்கச் சிவந்து, அந்தச் சிவப்பு ஓரத்துக்கு இழுபட்டுப் போனது. எல்லாப் பிள்ளைகளும் "ஐ, சிவப்பு" என்றார்கள். அவன் குனிந்து பார்த்துவிட்டு, "கருத்துப் போச்சு மிஸ்" என்றான்.

அவனுக்கு அது சிவப்பு இல்லை. ஆனால் மாறியது தெரிந்துவிட்டது. வெளிர் மஞ்சளிலிருந்து அடர் செம்பழுப்புக்குப் போகும்போது நிறத்தோடு வெளிச்சமும் குறைகிறது. அந்த வெளிச்ச வித்தியாசம் போதும் அவனுக்கு. அவன் நோட்டில் "மஞ்சள் + சுண்ணாம்பு: கருத்தது" என்று எழுதச் சொன்னேன். இந்த முறை மனசார டிக் போட்டேன்.

மஞ்சளின் இந்தக் குணம் துணி துவைக்கிற எல்லாருக்கும் தெரியும். வெள்ளைச் சட்டையில் சாம்பார் சிந்தி, அந்த இடத்தில் சோப்புப் போட்டால் கறை இரத்தம் போலச் சிவக்கும். நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகும். வெயிலில் காயப் போட்டால் மஞ்சளும் போய்விடும், ஏனென்றால் அந்தச் சாயமான குர்குமின் வெயிலில் சிதைந்துவிடும். அதனால்தான் மஞ்சள் தாள் செய்தால் நிழலில் காய வைக்க வேண்டும். நாங்கள் செய்தது இப்படி: அரை டம்ளர் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஒரு ஸ்பூன் மஞ்சள்தூள், கலக்கித் தெளிய வைத்து, மேலே உள்ளதில் வெள்ளை வடிதாளை நனைத்து, விரல் அகலத்துக்கு நறுக்கிக் காயவைத்தோம். குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது, ஸ்பிரிட்டில் நன்றாகக் கரையும். ஸ்பிரிட் பக்கத்தில் அடுப்போ, விளக்கோ கூடாது. அந்த வேலையைப் பிள்ளைகளிடம் விடாமல் நானே செய்தேன்.

ஆனால் மஞ்சள் தாள் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். காரமா என்று கேட்டால் சொல்லும். எலுமிச்சைச் சாற்றில் நனைத்தாலும் மஞ்சள்தான், வெறும் தண்ணீரில் நனைத்தாலும் மஞ்சள்தான். அமிலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு வழி சொன்னது ஒன்பதாவது படிக்கும் பெண். "லிட்மஸ் ரெண்டு கலர்ல இருக்கே மிஸ், மஞ்சளையும் ரெண்டா செஞ்சா என்ன?" பாதித் தாள்களைச் சலவை சோடாக் கரைசலில் முக்கி எடுத்தோம். செம்பழுப்பாகக் காய்ந்தது. அதன் மேல் ஒரு சொட்டு எலுமிச்சை விட்டால் அந்த இடம் மட்டும் பளிச்சென்று மஞ்சளுக்குத் திரும்பியது. இருட்டுக்குள் ஒரு நிலா போல. அவன் நாலைந்து சொட்டு விட்டு நாலைந்து நிலா செய்து பார்த்தான்.

இது ஏன் நடக்கிறது என்று ஒருநாள் கேட்டார்கள். சாய மூலக்கூற்றில் ஹைட்ரஜன் ஒட்டிக்கொண்டிருக்கும் சில இடங்கள் உண்டு. காரம் அந்த ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்ளும், அமிலம் திருப்பிக் கொடுக்கும். ஒவ்வொரு முறையும் மூலக்கூறு விழுங்குகிற ஒளி மாறுகிறது, மிச்சம் நம் கண்ணுக்கு வருகிற ஒளியும் மாறுகிறது. செம்பருத்தியில் உள்ள ஆந்தோசயனின் என்ற சாயமும் இப்படித்தான். 1664-லேயே ராபர்ட் பாயில் இதை வயலட் பூச்சாற்றில் செய்து, அமிலத்தில் சிவப்பு, காரத்தில் பச்சை என்று பதிவு செய்துவிட்டார். அதற்கு எண் கொடுத்தது ரொம்பப் பிந்தி, 1909-இல், கோபன்ஹேகனில் ஒரு பீர் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்த சோரன்சன். அவர் கொண்டுவந்ததுதான் பிஎச் அளவு. ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது. எலுமிச்சைச் சாறு ஏறத்தாழ 2, சுத்தமான தண்ணீர் 7. இடையில் ஐந்து படி, அதாவது லட்சம் மடங்கு. ஒரு லட்சம் என்றதும் எல்லாரும் எலுமிச்சம்பழத்தை மரியாதையோடு பார்த்தார்கள்.

தமிழில் இந்தப் பாடம் நடத்துவதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு, அதைச் சொல்லாமல் போக முடியாது. காரம் என்றால் பிள்ளைகளுக்கு மிளகாய்தான். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் மிளகாய்த்தூளைக் கரைத்து வந்து, காரத்துக்குச் சோதனை செய்யச் சொல்வார்கள். செய்து பார்ப்போம், மஞ்சள் தாள் அசையாது. பிறகு வெங்காரம் (போராக்ஸ்), சவுக்காரம் (சோப்பு) என்ற பழைய சொற்களைச் சொல்லி, அந்தக் காரம் வேறு, இந்தக் காரம் வேறு என்று புரிய வைப்பேன். அவையிரண்டும் உண்மையிலேயே மஞ்சள் தாளைச் சிவக்க வைக்கும்.

அப்போதுதான் ஒரு பையன் வீட்டு வாசலில் திருஷ்டிக்குக் கட்டியிருந்த படிகாரத்தில் ஒரு துண்டு உடைத்துக்கொண்டு வந்தான். பெயரிலேயே காரம் இருக்கிறது, எனவே இதுவும் காரம் என்று நான்கு பேர் அடித்துச் சொன்னார்கள். செம்பருத்திச் சாற்றில் கரைத்தார்கள். ஊதாவாக ஒரு நிறம் வந்தது. ரோஸும் இல்லை, பச்சையும் இல்லை. சண்டை ஆரம்பித்தது. படிகாரத்தில் உள்ள அலுமினியம் பூச்சாயத்தைத் தானே பிடித்துக்கொண்டு நிறத்தை மாற்றிவிடும். அதனால் இந்த இடத்தில் செம்பருத்தியை நம்ப முடியாது. நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் டால்டன் கதை கேட்ட நம் பையன் ஒரு கப்பில் ஆப்பச் சோடாவைக் கரைத்து, படிகாரப் பொடியை அதில் கொட்டி, கப்பைக் காதோடு வைத்துக்கொண்டான்.

இது நாங்கள் இரண்டு நாள் முன்பு கற்றுக்கொண்ட வித்தை. ஆப்பச் சோடாவோடு அமிலம் சேர்ந்தால் கரியமில வாயு பொங்கும். எலுமிச்சை விட்டால் சோடா பாட்டில் திறந்த மாதிரிச் சத்தம். மோர் விட்டால் காதை ஒட்டி வைத்தால்தான் மெல்லக் கேட்கும். உப்பு, சர்க்கரை, சோப்புத் தண்ணீர் எதுவும் பேசாது. கண்ணால் பார்க்கத் தேவையே இல்லாத சோதனை என்பதால் இவனுக்கு ரொம்பப் பிடித்துப் போனது.

"பேசுது மிஸ். அமிலம்" என்றான்.

மற்ற நான்கு பேரும் கப்பை வாங்கி வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார்கள். நுரை பொங்கி விரலில் வழிந்தது. செம்பழுப்புத் தாளிலும் சொட்டு விட்டார்கள், மஞ்சளாகத் திரும்பியது. பெயரில் காரத்தை வைத்துக்கொண்டு கரைந்தால் அமிலமாக இருக்கிற பொருள் அது. அன்று அதைச் சரியாகச் சொன்னது அவன் ஒருவன்தான். அவன் முகத்தை நான் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை.

வீட்டில் செய்கிறவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. பிளீச்சிங் பவுடரைத் தொடவே தொடாதீர்கள். அது சாயத்தையே அழித்துவிடும். நிறம் போய்விட்டால் அமிலமா காரமா என்று யாராலும் சொல்ல முடியாது. அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு வேறு வரும். கழிப்பறை கழுவும் ஆசிட்டும் வேண்டாம். சுண்ணாம்பு வெற்றிலைக்குப் போடுகிற சின்னப் பொருளாகத் தெரிந்தாலும் கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும். பெரியவர்கள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

ஜூன் முதல் வாரத்தில் அவன் ஒரு பிளாஸ்டிக் பையில் மண் கொண்டு வந்தான். அவன் அப்பாவின் வயலில் ஒரு மூலை, மழை பெய்து காய்ந்தால் மேலே வெள்ளையாகப் பூத்துவிடும், நெல் நட்டால் திட்டுத் திட்டாகச் செத்துப் போகும். எங்கள் பக்கத்தில் இப்படிக் களர் நிலம் நிறைய உண்டு. அந்தக் காலத்தில் இப்படிப் பூத்த உவர்மண்ணைச் சுரண்டி எடுத்துத்தான் துணி வெளுத்தார்கள். அதே வயலின் நல்ல பகுதியிலிருந்தும் ஒரு பிடி தனியாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். ஒப்பிட இரண்டும் வேண்டும் என்று அவனே யோசித்திருக்கிறான்.

இரண்டையும் இரண்டு கண்ணாடி டம்ளரில் கேன் தண்ணீர் விட்டுக் கலக்கி வைத்தோம். ஒரு மணி நேரத்தில் நல்ல மண் டம்ளரில் மேலே தண்ணீர் தெளிந்துவிட்டது. களர்மண் டம்ளர் பால் விட்ட டீ மாதிரியே நின்றது. மறுநாள் காலையிலும் தெளியவில்லை. சோடியம் ஏறிய களிமண் இப்படித்தான், துகள்கள் ஒன்றோடொன்று சேராமல் மிதந்துகொண்டே இருக்கும். வயலிலும் இதே கதைதான். மண் இறுகி, தண்ணீர் கீழே இறங்காது. வேட்டித் துணியை நான்காக மடித்து இரண்டு டம்ளர் தண்ணீரையும் வடிகட்டினோம். நல்ல மண் தண்ணீரில் மஞ்சள் தாள் அப்படியே இருந்தது. களர்மண் தண்ணீரில் தாளின் நுனி மெல்லக் கருத்து, அந்தக் கருப்பு தாளில் ஊறி ஊறி மேலே ஏறியது. அவன் விரலால் தொடாமல் தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டே நின்றான்.

அவன் அப்பாவிடம் நான் தெளிவாகச் சொல்லிவிட்டேன்: இந்தத் தாள் காரம் என்று சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. களர்மண்ணைச் சரிசெய்ய எவ்வளவு ஜிப்சம் போட வேண்டும் என்பதற்கு மண் பரிசோதனை நிலையத்துக்குப் போக வேண்டும். போனார். பிஎச் 9.1 என்று எழுதிக் கொடுத்தார்கள். ஜிப்சம் போட்டு, தண்ணீர் கட்டி வடித்து, தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச் செடியை விதைத்து மடக்கி உழச் சொன்னார்களாம். மழைக்காலம் வந்ததும் செய்கிறேன் என்றார். இந்தத் தடவை செய்வார் என்றுதான் நினைக்கிறேன், மகன் விடமாட்டான்.

பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிறு, கடைசியாக நீலச் சங்குப்பூவை எடுத்தோம். பத்துப் பூ, அரை டம்ளர் வெந்நீர். மைப்புட்டி போல நீலம் இறங்கியது. எலுமிச்சை விட்டதும் மற்றவர்கள் ஊதா, அப்புறம் ரோஸ் என்று கத்தினார்கள். அவன், "எனக்கு நீலம் வெளுத்த மாதிரி இருக்கு" என்றான். அப்படியே எழுதிக்கொண்டான், யாரும் சிரிக்கவில்லை. இன்னொரு கப்பில் தெளிந்த சுண்ணாம்பு நீரை ஊற்றினோம். நீலம் பச்சையானது. மற்றவர்கள் அதை எழுதிவிட்டு அடுத்த கப்புக்குப் போனார்கள். அவன் மட்டும் அந்தக் கப் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "மிஸ், இங்க வாங்க, இது இன்னும் மாறிட்டே இருக்கு" என்று கூப்பிட்டான். போய்ப் பார்த்தேன். பச்சை கரைந்து கரைந்து மஞ்சளாகிக் கொண்டிருந்தது. வலுவான காரத்தில் சாயமே மெல்லச் சிதைந்து மஞ்சளாகும். அதற்கு நேரம் பிடிக்கும்.

நீலத்தையும் மஞ்சளையும் பிரித்துப் பார்ப்பதில் அவன் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. மற்ற நான்கு நோட்டிலும் "பச்சை" என்று இருந்த இடத்தில் அவன் "முதலில் நீலம். 20 நிமிடம் கழித்து மஞ்சள்" என்று எழுதியிருந்தான். நான் அந்த வரியைப் படித்துவிட்டு மற்ற நால்வரையும் கூப்பிட்டேன், அவன் கப்பைப் பார்த்துவிட்டு அவரவர் நோட்டைத் திருத்திக் கொள்ளச் சொல்லி.